நோயுற்ற குழந்தையின் அருகில்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் அமைந்தது எங்கள் இராசிங்காபுரம். மேற்கே நிமிர்ந்து நோக்கினால் ஏலமலைத் தொடர் மதில்போல் நிற்கும். கோழி கூவும் முன்னரே இப்பகுதி ஊர்களில் ஜீப்புகள் வந்து நின்று ஒலியெழுப்பும். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருக்கியடித்து ஏறுவர். மலைக்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களில் களையெடுத்தும் காயெடுத்தும் பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புவர். இடைப்பட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வீட்டிலுள்ள கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வோர் யார்? கண்பார்வை மங்கிய பாட்டி. பாட்டி இல்லாத வீட்டில், பள்ளியில் பயிலும் அக்காளோ அண்ணனோ.

மாணவ நண்பர்களே, கடுமையாக நோயுற்ற குழந்தையைச் செவிலியர் எவ்வாறு நோக்கி அறிகின்றனர், எவ்வாறு பேணுகின்றனர் என்னும் பொருளை உங்கள்முன் வைப்பதற்கு அதுவே காரணம். நான் மருத்துவன் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் சுண்ணக்கட்டியும் கையுமாகக் காலம் கழித்தவன். இப்பொருளில் எனக்குத் தெரிந்தவை யாவும் செவிலியரிடம் கேட்டும், அவர்கள் பயிலும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவையே. கேட்கத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் பொருளுக்குள் செல்கிறேன்.

1997ஆம் ஆண்டு. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் பயின்ற ஒரு சிறுமி, பத்து மாதத் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே பள்ளிக்கு வருவாள். விதிப்படி அது தவறுதான். ஆனால் தம்பியோடு வராதே என்றால் அவள் பள்ளிக்கே வரமாட்டாள். ஆகவே கண்டும் காணாமல் இருந்தேன். அந்த வாரம் குழந்தைக்குச் சளியும் இருமலும். திங்களும் செவ்வாயும் வகுப்பில் பாடம் நடத்தவொட்டாமல் அழுதான். புதன்கிழமை அழுகை நின்றுவிட்டது. அக்காளின் மடியில் கண்ணை அரைகுறையாக மூடியபடி கிடந்தான். "இன்றைக்குத் தம்பி சமர்த்தாக இருக்கிறானே" என்று நான் சொல்லிக் கணக்குப் பாடத்தைத் தொடங்கினேன்.

சற்று நேரத்தில், மாணவர்களுக்குத் தடுப்பூசி போடுவதற்காகக் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். ஊரார் அவரை நர்சம்மா என்றே அழைப்பர். வாயிற்படியில் நின்றபடியே அக்குழந்தையைப் பார்த்தார். "சார், அந்தப் பிள்ளை தூங்கவில்லை" என்றார். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிறுமியின் அருகில் அமர்ந்தார். "நீ அசையாதே தாயி, அவன் உன் மடியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி, குழந்தையின் சட்டையை மெல்ல உயர்த்தினார். தம் கைக்கடிகாரத்தை அதன் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு நிமிடம் அவர் பேசவில்லை. வகுப்பும் பேசவில்லை. "அறுபத்து நான்கு" என்றார் முடிவில். மூச்சை உள்ளே இழுக்குந்தோறும் விலாவின் கீழ்ப்பகுதி குழிந்து குழிந்து எழுவதை எனக்கும் காட்டினார். கரண்டியால் சிறிது தண்ணீர் புகட்ட முயன்றார். அது கடைவாய் வழியே வழிந்துவிட்டது. அவ்வளவில் எழுந்தார். ஏலக்காய் மூட்டை ஏற்றிவந்த ஒரு ஜீப்பை நிறுத்தி, சிறுமியையும் குழந்தையையும் தம்முடன் ஏற்றிக்கொண்டு போடிக்கு விரைந்தார்.

குழந்தைக்கு நிமோனியா. உயிர்வளியும் ஊசிமருந்தும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினான். நான் சமர்த்து என்று பாராட்டிய அந்த அமைதியைத்தான் அவர் வாயிற்படியிலிருந்தே அபாயம் என்று கண்டிருக்கிறார். இருவரும் பார்த்தது ஒரே குழந்தையைத்தான்.

அழுகின்ற குழந்தையைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அடங்கிக் கிடக்கும் குழந்தையைக் கண்டு அமைதி கொள்கிறோம். செவிலியரின் பயிற்சி இதற்கு நேர்மாறானது. உரக்க அழுவதற்கு நிறைய மூச்சுக் காற்று வேண்டும். தசைகளில் வலு வேண்டும். மூளைக்குப் போதிய இரத்தம் செல்லவும் வேண்டும். ஆகவே ஓங்கி அழும் குழந்தையிடம் இம்மூன்றும் இன்னும் எஞ்சியிருக்கின்றன என்று கொள்ளலாம். நோய் முற்றி வலுவிழந்த குழந்தையோ மூச்சு விடுவதற்கே தன் வலுவனைத்தையும் செலவிடுகிறது. அழுவதற்கு அதனிடம் ஒன்றும் மீதியில்லை.

குழந்தை என்பது சிறிய அளவில் செய்யப்பட்ட பெரிய மனிதன் அன்று. இதை விளக்க இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன். பழைய வழக்கம், விட மனம் வரவில்லை. முதற்கணக்கு மூச்சுக் குழலைப் பற்றியது. கைக்குழந்தையின் மூச்சுக் குழல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டமுடையது என்று கொள்வோம். சளியாலும் வீக்கத்தாலும் அதன் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் தடித்துவிட்டால் எஞ்சும் விட்டம் 2 மில்லிமீட்டர். வழியின் பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. காற்றோட்டத்திற்கு ஏற்படும் தடையோ, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 16 மடங்காகிறது. கல்லூரியில் இயற்பியல் பயில்வோர் பாய்சேயின் விதியைக் கொண்டு இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதே 1 மில்லிமீட்டர் தடிப்பு 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரியவரின் குழலில் நேர்ந்தால் தடை மூன்று மடங்கை ஒட்டியே உயரும். பெரியவருக்குத் தொண்டைக் கமறலாகத் தோன்றும் வீக்கம் குழந்தைக்கு மூச்சுமுட்டலாகிவிடுகிறது. மேலும் குழந்தையின் விலாவெலும்புகள் மென்மையானவை. நுரையீரல் விறைத்துப்போய் விரிய மறுக்கும்போது, உதரவிதானம் கீழ்நோக்கி இழுக்க, மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறது. நர்சம்மா எனக்குக் காட்டிய குழிவு அதுவே.

இரண்டாம் கணக்கு இரத்தத்தைப் பற்றியது. குழந்தையின் உடலில் ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இரத்தம் உண்டு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தமே 800 மில்லிலிட்டர். கடையில் விற்கும் ஒரு லிட்டர்த் தண்ணீர்ப் புட்டியை அது நிரப்பாது. வயிற்றுப்போக்கினால் நீர் இழக்கப்படும்போது இந்தச் சிறு கையிருப்புக் குறைகிறது. அப்போது குழந்தையின் இதயம் விரைந்து துடிக்கிறது; கைகால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளதை மூளைக்கும் இதயத்திற்கும் திருப்பிவிடுகின்றன. இவ்வாறு நெடுநேரம் இரத்த அழுத்தம் குறையாமல் காத்துக்கொள்ளும். கருவியில் எண் சரியாகவே காட்டும். காக்கும் ஆற்றல் தீர்ந்ததும் திடீரென வீழ்ந்துவிடும். பெரியவரின் உடல்நிலை பெரும்பாலும் போடிமெட்டுச் சாலை இறங்குவதுபோல் வளைந்து வளைந்து இறங்கும். குழந்தையின் நிலை அப்படியன்று, விளிம்பு வரை சமதளம், பிறகு பள்ளம். ஆகவே குழந்தையின் இரத்த அழுத்தம் குறையட்டும் என்று காத்திருக்கும் செவிலியர் காலம் தாழ்த்தியவராவார். அவர் முன்னதாகவே கைகால்களைத் தொட்டுப் பார்க்கிறார். உடம்பு கொதிக்க, உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருந்தால் அது நல்லதன்று. கைவிரல் நகத்தைச் சில வினாடிகள் அழுத்தி விடுகிறார். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவந்துவிட வேண்டும். மூன்று வினாடிக்கு மேலும் வெளுப்பு மாறாவிடில் இரத்த ஓட்டம் நலிந்துவிட்டது என்று ஐயுறுகிறார்.

ஆனால் தொடுவது பிறகுதான். முதற்பார்வை தூரத்திலிருந்து. இதில் நான் மிகவும் வியந்த நுட்பம் ஒன்றுண்டு. புதியவர் ஒருவர் அருகில் வந்து தொட்டால் குழந்தை வீரிட்டழும். அழுத பின்னர் எண்ணும் மூச்சும் நாடியும் உண்மை கூறா. ஆகவே நன்கு பயின்ற செவிலியர், தாயின் மடியிலிருந்து குழந்தையைப் பிரிக்காமல், சில அடி தள்ளி நின்றே மூன்றைப் பார்த்துவிடுகிறார். குழந்தையின் தோற்றம் எப்படி இருக்கிறது? முகம் பார்க்கிறதா, கையில் கொடுத்ததைப் பற்றுகிறதா, துணிபோல் துவண்டு கிடக்கிறதா? மூச்சு விட எவ்வளவு பாடுபடுகிறது? மூக்கின் மடல்கள் விரிகின்றனவா, முனகல் கேட்கிறதா, மார்பு குழிகிறதா? தோலின் நிறம் வெளிறியுள்ளதா, திட்டுத் திட்டாக உள்ளதா, நீலம் பாய்ந்துள்ளதா? நம்மவர் நிறத்தில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். இம்மூன்றையும் பார்க்க அரை நிமிடமே ஆகும். பார்த்ததும், இக்குழந்தை காத்திருக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

நோயாளியைக் கூர்ந்து நோக்குதல் ஒரு தனிக்கலை என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தம் நூலில் தனி இயலாக வகுத்து எழுதினார். நம் நாட்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியம் பட்டப் படிப்பாக உயர்ந்தது. அந்த வேலூருக்கும் நர்சம்மா எண்ணிய எண்ணுக்கும் தொடர்பு உண்டு. அதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

செய்தி இதுதான். இருமலோடு வரும் நூறு குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு வெறும் சளி, சிலருக்கே நிமோனியா. எவருக்கு என்று எப்படிப் பிரித்தறிவது? நெஞ்சொலிமானி வைத்துக் கேட்க மருத்துவர் வேண்டும். படமெடுக்க எக்ஸ்ரே வேண்டும். மலைக்கிராமத்தில் இரண்டும் இல்லை. பாப்புவா நியூகினி நாட்டின் மலைப்பகுதியில் பணியாற்றிய பிராங்க் ஷான் என்னும் மருத்துவர், மூச்சின் எண்ணிக்கையைக் கொண்டே நிமோனியாவை ஊகிக்கலாம் என்று 1984இல் எழுதினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலிய மருத்துவர்கள் அதை நம் குழந்தைகளிடம் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 50க்கு மேலும், ஒரு வயது கடந்த சிறு குழந்தைக்கு 40க்கு மேலும் மூச்சு ஓடினால் நோய் நுரையீரலில் இறங்கியிருக்கக் கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இன்று உலகெங்கும் சுகாதாரப் பணியாளர் கற்கும் அளவு இது: பிறந்து இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது விரைமூச்சு. எண்ணத் தெரிந்தவர் எவரும் பயன்படுத்தக்கூடிய மருத்துவக் கருவியை, மலைக்குன்றுகளிலும் நம் வேலூரிலும் இருந்தவர்கள் உலகுக்கு அளித்திருக்கிறார்கள். பாடநூல்களில் இச்செய்தி இடம்பெறாதது எனக்கு ஒரு குறையே.

எண்ணும் முறையைச் சொல்கிறேன். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும் நேரம் பார்த்து, வயிறும் மார்பும் தெரியும்படி துணியை விலக்க வேண்டும். வினாடி முள் உள்ள கடிகாரமோ கைப்பேசியோ போதும். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. முழு நிமிடம் எண்ண வேண்டும். பின்னாளில் என் வகுப்பில் ஒரு மாணவன், "கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் என்ன சார்?" என்று கேட்டான். கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் குழந்தையின் மூச்சு கடிகாரத்தின் ஊசல்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. சில வினாடி விரையும். சில வினாடி தயங்கும். இளஞ்சிசுவுக்கு இடையில் நின்று நின்றும் ஓடும். கால் நிமிடத்தில் மூன்று மூச்சுப் பிழைத்தால் பெருக்கும்போது பன்னிரண்டு பிழையாகிவிடும். 38ஐ 50 என்றோ, 50ஐ 38 என்றோ சொல்லிவிடுவோம். பின்னதில் ஓர் உயிர் போகக்கூடும்.

எண்ணிக்கையோடு தாயிடம் கேட்கும் கேள்விகளும் சில உண்டு. குழந்தை பால் குடிக்கிறதா, தண்ணீர் விழுங்குகிறதா? குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? எழுப்பினால் எழுகிறதா? குடிக்க இயலாமை, ஓயாத வாந்தி, வலிப்பு, மயக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று இருப்பினும் வேறு எதையும் ஆராய்ந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசு பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ, சில்லிட்டாலோ ஒரு பொழுதும் காத்திருத்தல் கூடாது. 108 என்னும் எண்ணை நினைவில் வையுங்கள். அவ்வூர்தி 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது.

தாய் சொல்லும் விடையைச் செவிலியர் மிகவும் மதித்துக் கேட்கிறார். "என் பிள்ளை எப்போதும்போல் இல்லை" என்று ஒரு தாய் சொன்னால், கருவிகள் யாவும் சரியென்று காட்டினும், மறுமுறை பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பயிற்சி. நம் பாட்டிமார்களும் இவ்வகையில் கூரியவர்களே. உச்சிக்குழி உள்வாங்கியிருப்பதையும் முகம் வாடியிருப்பதையும் அவர்கள் கை தடவிச் சொல்லிவிடுவர். பார்த்த பிறகு செய்வதில்தான் சில வேளை தவறு நேர்கிறது. மூச்சுத் திணறும் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போடுவதும், காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைக் கம்பளியால் போர்த்துவதும், வலிப்பு வந்த குழந்தையின் கையில் இரும்பைத் திணித்து வாயில் எதையாவது ஊற்றுவதும் தீங்கே விளைக்கும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் இடாமல், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவே.

மருத்துவமனை என்றதும் நீண்ட வரிசை நினைவுக்கு வரும். வந்த முறைப்படி அழைப்பதே நீதி என்று நாம் எண்ணுகிறோம். நோயுற்ற குழந்தைகள் விஷயத்தில் அந்நீதி உயிருக்கு உலை வைக்கும். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரப் பெருமருத்துவமனையில் இதைக் கண்கூடாகக் கண்டனர். அங்கே 2001ஆம் ஆண்டில் குழந்தைகள் பிரிவை ஒழுங்குபடுத்தினர். வரும் குழந்தைகளை வாயிலிலேயே பார்த்து, உடனே கவனிக்க வேண்டியவர், விரைவில் கவனிக்க வேண்டியவர், காத்திருக்கக் கூடியவர் எனப் பிரித்தனர். ஊழியர் யாவருக்கும் அப்பயிற்சி அளித்தனர். அதற்குமுன் அங்குச் சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டுப் பேர் வரை இறந்துகொண்டிருந்தனர். அதன்பின் அது ஆறு முதல் எட்டு வரை குறைந்தது. எந்த அரிய மருந்தும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. யாரை முதலில் பார்ப்பது என்ற அறிவே மருந்தாயிற்று. நம் மருத்துவமனைகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமிட்டுப் பிரிக்கும் முறை வந்திருக்கிறது. நமக்குப் பின்னால் வந்த குழந்தையை முன்னே அழைத்துச் செல்வதைக் கண்டால் சினம் கொள்ளாதீர்கள்.

இனிப் பேணும் முறை. மூச்சுத் திணறும் குழந்தையைப் படுக்கவைக்க வலியுறுத்தாமல், தாயின் மடியில் சற்று நிமிர்ந்தவாறு இருத்துவர். மூக்கைச் சுத்தம் செய்வர். விரலில் மாட்டும் சிறு கருவியால் இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு உள்ளது என்று அளப்பர். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970ஆம் ஆண்டுகளில் கண்ட முறை அது. உயிர்வளி ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன என்பதே அதன் அடிப்படை. கொரோனாக் காலத்தில் நம் வீடுகளிலேயே அக்கருவியைக் கண்டோம். அளவு 90 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கினால் மூக்கு வழியே உயிர்வளி செலுத்துவர். குழந்தையை எடைபோடாமல் எம்மருந்தையும் அளக்க மாட்டார்கள். பெரியவருக்கு ஒரு மாத்திரை என்பதுபோல் குழந்தைக்குக் கணக்கில்லை. எல்லாம் கிலோவுக்கு இத்தனை என்ற கணக்கே. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும். கணக்கு வகுப்பில் புள்ளி வைக்க மறந்த மாணவரை நான் கடிந்துகொண்டதற்கு அப்போது இக்காரணம் தெரிந்திருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே கடிந்திருப்பேன்.

நீரிழப்பைப் பற்றிச் சொல்லும்போது என் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1966இல் எனக்கு ஆறு வயது. ஒன்றரை வயதுத் தங்கைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. வயிறு காய்ந்தால் போக்கு நிற்கும் என்பது அன்று ஊரெங்கும் இருந்த நம்பிக்கை. ஆகவே தண்ணீர் கொடுக்கவில்லை. அவள் கண்கள் குழிந்துபோயின. அழுதபோது கண்ணீர் வரவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் இல்லை. என் பெற்றோர் மீது நான் குறை சொல்லேன். தண்ணீர் கொடுக்காததும் அன்பினால்தான்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் நகரில் ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி செலுத்தும் நீர் தீர்ந்துபோகவே, திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினரையே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிற்று. சர்க்கரையானது குடலின் சுவர் வழியே உட்செல்லும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னால் நீரும் செல்கிறது. வயிற்றுப்போக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதும் இவ்வழி அடைபடுவதில்லை. இன்று சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பொட்டலத்தின் கதை இதுவே. ஒரு லிட்டர்ப் பொட்டலமாயின் முழுவதையும் ஒரு லிட்டர்க் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி மீதியை வைப்பதும், நீரைக் குறைத்துக் கட்டியாகக் கலப்பதும் தவறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஒரு நாள் கழிந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும். துத்தநாக மருந்தும் கொடுப்பார்கள். போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள்களும் அதைக் கொடுக்க வேண்டும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெல்ல மெல்ல இறங்குகிறதா, குழந்தை குடிக்கவும் வலுவின்றிக் கிடக்கிறதா? அப்படியாயின் கரைசலை நம்பி வீட்டில் இருக்கலாகாது.

செவிலியரின் பணியில் மிகக் கடினமானது எது என்று நர்சம்மாவை ஒருமுறை கேட்டேன். ஊசி போடுவது என்பார், இரவு விழிப்பது என்பார் என்று நினைத்தேன். "திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் சார்" என்றார். ஒருமுறை பார்த்துச் சரி என்று தீர்மானித்த குழந்தையை, அத்தீர்மானத்தை மறந்துவிட்டு, கால் மணி கழித்து முதன்முறை பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணுக்குப் பொருள் குறைவு. 44 என்பது தனியே நின்றால் ஒன்றும் சொல்லாது. முன்பு 36ஆக இருந்து 44 ஆயிற்றா, 56ஆக இருந்து 44க்கு இறங்கிற்றா என்பதே செய்தி. இறங்கினாலும் மகிழ்ந்துவிட முடியாது. குழந்தை தெளிந்து பால் குடிக்கிறதென்றால் நலம். துவண்டு கிடக்கையில் எண்ணிக்கை இறங்கினால், மூச்சு விடும் தசைகளே சோர்ந்துவிட்டன என்று பொருள். கட்டிலின் அருகே தொங்கும் அட்டையில் நேரமும் எண்ணும் எழுதிவைப்பது இதற்காகவே.

அந்த 1997க்குப் பிறகு, ஆண்டுதோறும் அறிவியல் பாட வேளையில் ஒரு வகுப்பை மூச்சு எண்ணுவதற்கென்றே ஒதுக்கினேன். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை என்று கடிந்த மேலதிகாரிகளும் உண்டு. மாணவர் தத்தம் வீட்டில் உறங்கும் தம்பி தங்கையரின் மூச்சை எண்ணி ஏட்டில் எழுதிவர வேண்டும். சிலர் எண்ணாமலே எழுதிவருவர், 40, 40, 40 என்று ஒரே எண்ணாக இருக்கும், அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

சில ஆண்டுகள் கழித்து, மழை விடாது பெய்த ஆடி மாதம் ஒன்றில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் தாயார் வந்தார். எட்டு மாதக் கைக்குழந்தை மருத்துவமனையில் இருப்பதாகவும், மூத்தவள் துணைக்கு இருப்பதாகவும் சொன்னார். தாம் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் குழந்தையைத் தோளில் போட்டபடி வாயிலிலேயே நின்றிருந்தாளாம். கையில் ஏட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். மருத்துவமனையில் அத்தாளைச் செவிலியர் வாங்கிப் படித்து, வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அழைத்துச் சென்றுவிட்டாராம். குழந்தை தேறி வீடு திரும்பிய பிறகு அத்தாளை எனக்குக் காட்டினார்கள். நோயாளிச் சீட்டோடு சேர்த்துக் குத்திய துளை அதன் மூலையில் இருந்தது. பென்சிலால் எழுதியிருந்தாள்: காலை 9 மணி, 46. பகல் 11 மணி, 52, பால் குடித்தான். 1 மணி, 58, பால் பாதி. 3 மணி, 62, குடிக்கவில்லை, அழவும் இல்லை.